ஒண்ணரையில் முடிச்சுக்கலாங்களா

யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதை அப்படியே ஒப்புக்கொள்வது அவருக்கு அவமானம். டீக்கடையில் அஞ்சு நிமிஷம் ஆகும் என்றால், "மூணுல குடு" என்பார். கோயிலில் ஒன்பது சுற்று சுற்றச் சொன்னால், "ஏழாப் போட்டுக்கலாங்களா சாமி" என்பார். ஒருமுறை எங்கள் தெருவில் மின்கம்பம் மாற்ற வந்தவர்கள் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் கரண்ட் இருக்காது என்றார்கள். இவர் கம்பத்தடியில் நின்று, மேலே ஏறியிருந்தவரிடம் நாலரைக்குப் பேசி முடித்தார். அன்றைக்கு நாலரைக்கே கரண்ட் வந்துவிட்டது. அது தற்செயல் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். தெருவில் ஒருவரும் நம்பவில்லை. அவரும் நம்பவில்லை என்பதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

தொழில் மாட்டுத் தரகு. தருமபுரிக்கு வெளியே, பாலக்கோடு போகிற சாலையில், என் வீட்டிலிருந்து இரண்டாவது வீடு. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். நான் புள்ளியியல் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு எண் என்றால் எண்தான். ஏழு என்றால் ஏழு. அதை ஆறரையாக்க ஒருவன் முயல்வதைப் பார்த்தாலே எனக்குப் படபடப்பு வந்துவிடும். அப்படியிருந்தும் அவரோடுதான் எனக்குப் பழக்கம் ஒட்டியது.

ஒட்டியது என் பசுவை விற்கப் போய். வாங்க வந்தவரையும் என்னையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, என்னிடம் திரும்பி, "கெழட்டு மாடு சார், யாரும் சீந்த மாட்டாங்க" என்றார். உடனே அந்தப் பக்கம் திரும்பி, "நேத்துத்தான் பல்லு போட்டுது, இளங்கன்னு மாதிரி" என்றார். இருவர் காதிலும் இரண்டும் விழுந்தன. யாருக்கும் வருத்தமில்லை. அவர் சொன்ன விலைக்கு நான் சரி என்றதுதான் அவரைக் கலக்கிவிட்டது.

"என்னாங்க சார், சட்டுனு ஒத்துக்கிட்டீங்க?"

"நியாயமாத்தானே சொன்னீங்க."

"அதுக்காக? நீங்க ஏதாச்சும் ஒரு வார்த்தை ஏத்திக் கேளுங்க. இல்லேன்னா நான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு ராத்திரி தூக்கம் வராது."

அவர் நிம்மதிக்காகக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டேன். துண்டை உதறி என் கையின்மேல் போட்டு, அதற்கடியில் என் விரல்களைப் பிடித்தார். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. அன்று அவர் எத்தனை விரலைப் பிடித்தார் என்று எண்ணுவதற்குள் கையை உதறிவிட்டார். பேரம் முடிந்துவிட்டதாம்.

அவரிடம் ஒரு கொள்கை இருந்தது. "விக்கறவன் சட்டுனு எறங்கி வந்தான்னா அந்த மாட்டுல ஏதோ நோவு இருக்குதுன்னு அர்த்தம் சார். நல்ல மாடு வெச்சிருக்கறவன் அசைய மாட்டான்" என்பார். இதைச் சந்தைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் நல்லது. அவர் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்.

அவருக்கு விரையில் வீக்கம் வந்தபோது ஆலம்பாடிக் காளை ஒன்று உதைத்ததுதான் காரணம் என்றார். காளை உதைத்தது உண்மை. ஆனால் வீக்கம் அதற்கு முந்தியே இருந்ததாக அவர் மனைவி சொன்னார். கல் மாதிரி இருந்தது, வலியில்லை; வலியில்லாததால் போகவில்லை. மாட்டுக்கு அப்படி ஒரு கட்டி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவார். தன்னுடையது என்றதும் காளைமேல் பழியைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் திரிந்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புற்றுநோய் என்று சொல்லி அந்தப் பக்கத்து விரையை எடுத்துவிட்டார்கள். கருவணுக்களிலிருந்து கிளம்புகிற வகை, இளவயது ஆண்களுக்குத்தான் அதிகம் வரும், பெரும்பாலும் குணமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவி ஊருக்கெல்லாம் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தார். பார்க்க வந்த உறவினர் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "குடலிறக்கத்துக்கு இனிமே பாரம் தூக்கக் கூடாதுப்பா" என்றார்.

"குடலும் இல்ல ஒண்ணும் இல்ல மாமா. ரெண்டுல ஒண்ணைக் கழிச்சுட்டாங்க. மிச்சம் ஒண்ணு இருக்குது."

மனைவி உள்ளே போய்ப் பாத்திரத்தை எடுத்துப் போட்டு உடனே கழுவ ஆரம்பித்தார். அந்தப் பாத்திரத்தை அதற்கு முன்பே கழுவிவிட்டதை நான் பார்த்திருந்தேன்.

அடுத்தது கீமோ. மருந்தைச் சுற்றுச் சுற்றாக ஏற்றுவார்கள். நாலு சுற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். இவர் சும்மா இருப்பாரா? "மூணுல முடிங்க சார்" என்றாராம். டாக்டர் பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, மூணே போடலாம்" என்று சொல்லி, அதற்குமேலும் ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று இவர் காதில் விழவில்லை. மூணு என்றதும் ஜெயித்த மயக்கத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டார். நான் அன்று கூடப் போகவில்லை. போயிருந்தால் அந்த மிச்ச வாக்கியத்தைக் கேட்டு வைத்திருப்பேன்.

மூன்று சுற்றும் முடிந்தது. முடி போனது, புருவம் போனது, மீசை போனது. மீசை இல்லாத தரகரைச் சந்தையில் யாரும் நம்பமாட்டார்கள் என்று கவலைப்பட்டார். அது மட்டும்தான் அவர் கவலைப்பட்டதாக நான் பார்த்தது.

அதற்குப் பிறகு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. நோய் இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கிற பொருள்கள் சில ரத்தத்தில் ஊறுமாம். அவற்றில் ஒன்று, கர்ப்பமாக இருக்கிற பெண்களின் உடம்பில் ஊறுகிறதும்கூட. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபில் சீட்டைப் பார்த்த பெண் முதல் மாதம் நிமிர்ந்து, "வூட்டுக்காரம்மா வரலீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"எனக்குத்தாம்மா."

அவள் சீட்டையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள், உள்ளே போய் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த வேறொருவரும் பார்த்தார். பெயருக்கு நேரே ஏற்கெனவே பெண் என்று அடித்திருந்ததைத் திருத்த ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் அது அவர்களுக்குள் வழக்கமான விளையாட்டாகிவிட்டது. "விசேசம் உண்டுங்களாண்ணா?" என்று அவள் கேட்பாள். "இந்த மாசமும் இல்லம்மா" என்று இவர் சொல்லிவிட்டு வருவார். அந்த அறிக்கைகளை நான் வாங்கி வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டு வந்தேன். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பார்க்க அழகாக இருந்தது.

அடுத்த வருஷம் மாங்காய்ப் பருவத்தில் ஒருநாள் அறிக்கையை என்னிடம் நீட்டி, "இந்த மாசம் உண்டுங்களாம் சார்" என்றார்.

நான் புள்ளி வைத்தேன். தாளுக்கு மேலே போய்விட்டது. இன்னொரு தாள் ஒட்ட வேண்டியிருந்தது. ஸ்கேனில் வயிற்றின் பின்பக்கத்தில் நெறிக்கட்டி தெரிந்தது. நோய் திரும்பிவிட்டது. பெங்களூருக்குப் போங்கள், இரண்டாவது வைத்தியம் உண்டு, தாமதிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர் போகவில்லை.

எனக்கு இது முதலில் தெரியாது. ஏதோ சரியில்லை என்று வந்து சொன்னது தக்காளிக்காரர். வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு என் வீட்டு வாசலுக்கு வந்து, "சார், தரகருக்கு உடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்றார்.

"ஏன்?"

"நேத்து நான் சொன்ன வெலையக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போயிட்டாருங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. நீங்க ஒரு நட போய்ப் பாருங்க."

அன்று மத்தியானமே அவர் மனைவியும் வந்தார். அழவில்லை. கோபமாக இருந்தார். "ஐயா, அவரு யாருகிட்டயும் பேரம் பேச மாட்டேங்கிறாரு. ரெண்டு தோசை வெச்சா ரெண்டையும் திங்கிறாரு. மூணு வெச்சா மூணு திங்கிறாரு. பெங்களூருன்னா மட்டும் எந்திரிச்சுப் போயிடுறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொன்னால் யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் போனேன். அவர் கொட்டகையில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். பெங்களூருக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். கையைத் தவிட்டுத் தண்ணியிலிருந்து எடுக்காமல் சொன்னார்.

"அவரு நாலு சொன்னாரு சார். நான் மூணாக்கினேன். அந்த ஒண்ணுதான் திரும்பி வந்திருக்குது."

கணக்கு நேராகத்தான் இருந்தது.

"டாக்டரும் சட்டுனு எறங்கி வந்தாரு. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும். மாடுன்னா தோணியிருக்கும். இப்பப் போனா மறுபடியும் வாயத் தொறந்து எதையாச்சும் கொறச்சுடுவேன். எனக்கே என்மேல நம்பிக்கை இல்லீங்க."

"வாயைத் திறக்காமல் இருங்கள்."

"தரகுக்காரன் எப்படிங்க வாயத் தொறக்காம இருக்கறது?"

அந்தத் தவிடு இரண்டு மாட்டுக்குப் போதுமா என்ற கவலை வேறு எனக்கு. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். டாக்டர் எண்ணாக எதைச் சொன்னாலும் பதில் சொல்லும் பொறுப்பு என்னுடையது. அவர் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். செலவுக்கு என்ன செய்தார் என்பது அவருடைய சொந்த விஷயம், இங்கே எழுதமாட்டேன்.

காலை ரயிலில் மூன்று பேரும் போனோம். தண்ணீர் பாட்டில் நாலு, பைல் இரண்டு, ஒட்டுப்போட்ட வரைபடத்தாள் ஒன்று. ஓசூர் தாண்டும்வரை பைல்களை மூன்று முறை சரிபார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே மேய்கிற மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். எதற்கும் விலை சொல்லவில்லை.

பெங்களூர் டாக்டர் ஒல்லியான மனிதர். கன்னடக்காரர். நோயாளிகளிடமே தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். என் வரைபடத்தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதை மரியாதையாகப் பார்த்துவிட்டு ஓரமாக நகர்த்தினார். பழைய பைலைப் படித்தார்.

நான் கேட்டேன்: "சார், முதலில் நாலு சுற்று சொல்லி மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் திரும்பி வந்ததா?"

"யாரு குறைச்சது? குறைக்கலியே. ரெண்டு மருந்து கொடுத்தா நாலு சுத்து. மூணு மருந்து கொடுத்தா மூணு சுத்து. இவருக்கு மூணு மருந்து போயிருக்கு. இங்கே எழுதியிருக்கு, பாருங்க. ரெண்டும் சரியான வழிதான். முழு வைத்தியம்தான் நடந்திருக்கு. சில பேருக்கு அப்படியும் திரும்பி வரும்."

காதில் விழாமல் போன அந்த மிச்ச வாக்கியம் இதுதான் போலிருக்கிறது. நான் தரகரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது அவர் கணக்கு.

டாக்டர் இரண்டாவது வைத்தியத்தை விளக்கினார். முதலில் அவருடைய ரத்தத்திலிருந்தே மூல அணுக்களைப் பிரித்து எடுத்து உறைய வைத்துவிடுவார்கள். பிறகு மிக அதிக அளவில் மருந்து. நோயோடு சேர்த்து எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்தையும் அது காலி பண்ணிவிடும். அதற்குப் பின்னால் எடுத்து வைத்ததைத் திருப்பி ஏற்றுவார்கள். மறுபடி ரத்தம் ஊறும். இப்படி இரண்டு தடவை.

"ரெண்டு" என்று டாக்டர் இரண்டு விரலைக் காட்டினார்.

நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்திலிருந்து, "ஒண்ணரையில முடிச்சுக்கலாங்களா?" என்று கேட்டது.

சொன்னவருக்கே தூக்கிவாரிப் போட்டது. கையால் வாயை மூடிக்கொண்டார். மனைவி தொடையில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது.

"ரெண்டு" என்றார் டாக்டர்.

அவர் வாயிலிருந்து கையை மெதுவாக எடுத்தார்.

"ஒண்ணே முக்கால்?"

"ரெண்டு. முக்கால் எல்லாம் இல்லை. ஒண்ணோட நிறுத்தறதா இருந்தா இப்பவே ஊருக்குப் போகலாம். நான் ஆரம்பிக்கவே மாட்டேன்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மாதத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"சார், ஒண்ணு கேக்கணும். பொழைப்பனா மாட்டனா, எவ்வளவுக்கு எவ்வளவு? வாயால சொல்லாதீங்க, சம்சாரம் பக்கத்துல இருக்குது." தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். "கையக் குடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். சந்தை வழக்கத்தை நான் விளக்கினேன். பத்துக்கு எத்தனையோ அத்தனை விரல், அஞ்சுக்குமேல் போனால் ஒரு தடவை முழுக்கையையும் பிடித்துவிட்டு மிச்சத்துக்கு விரல் என்று இவர் திருத்தினார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், பத்தொன்பது பேர். பிறகு மேஜைமேல் கையை நீட்டினார்.

துண்டு விழுந்தது. அதற்கடியில் என்னவோ அசைந்தது. நின்றது. இவர் பக்கம் ஒரு இழுப்பு. அந்தப் பக்கம் அசைவில்லை. இன்னொரு இழுப்பு.

"ஒரே ஒரு விரலு சார். மனசு வெச்சா குடுக்கலாம்."

"என் கையில இல்லை அது."

"அரை விரலு?"

"இருக்கறதைத்தான் சொல்ல முடியும். ஆசைக்கு ஏத்திச் சொன்னா நான் பொய்யன்."

இவர் கையை உதறித் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "சரிங்க. எப்ப வந்து படுக்கணும்?" என்றார்.

வெளியே வந்ததும் அவர் முகத்தில் மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு தெளிவு. "அசைய மாட்டேங்கிறாரு சார். எவ்வளவு இழுத்தாலும் அசையல. அப்படின்னா சரக்கு சுத்தம்" என்றார்.

"எத்தனை விரல் சொன்னார்?"

"அது சந்தை வெவகாரம். சொல்லக் கூடாது." மனைவி காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "அதுக்குத் தெரிஞ்சா பயந்துக்கும்."

அவர் டீ வாங்கப் போனபோது மனைவி என் பக்கம் நகர்ந்து நின்றார். "ஐயா, எங்கப்பாவும் மாட்டு யாவாரந்தான். நான் சந்தையிலயே வளர்ந்தவ. எத்தன விரலப் புடிக்கிறாங்கன்னு முட்டி நிக்கிறதப் பாத்தே சொல்லிடுவேன். எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாதீங்க. பயந்துக்குவாரு."

"எத்தனை?"

"அதெல்லாம் எதுக்குங்க" என்றார். ஆக அந்த அறையில் இருந்த நாலு பேரில் எண் தெரியாதவன் நான் ஒருவன்தான். முப்பத்தாறு வருஷம் புள்ளியியல் துறையில் இருந்தவன்.

மூல அணு எடுக்கிற நாளில் நான் கூட இருந்தேன். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், வேண்டியதைக் கொடுத்துவிட்டு இன்னொரு கை வழியாகத் திரும்பி வந்தது. அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "குடுக்கறவனும் நானு, வாங்கறவனும் நானு. நடுவுல தரகு பாக்க ஆளே இல்ல" என்று வருத்தப்பட்டார். சாயங்காலம் எண்ணிப் பார்த்துவிட்டு, போதாது, நாளைக்கும் வரவேண்டும் என்றார்கள். அவருக்குச் சந்தைக் கன்னடம் நன்றாக வரும். இருக்கிறதை வைத்துச் சமாளிக்க முடியாதா என்று நர்ஸிடம் கன்னடத்தில் குழைந்து பார்த்தார். "ஆகல்ல" என்றாள் அவள், முடியாது என்று. "இவங்களும் எறங்க மாட்டேங்கிறாங்க சார்" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

பெரிய மருந்து ஏறிய பிறகு அவரைக் கண்ணாடி அறைக்குள் வைத்தார்கள். மனைவி தவிர யாருக்கும் அனுமதி இல்லை. நான் ஊருக்குத் திரும்பி, தினமும் போனில் வெள்ளை அணு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் மனைவி எடுக்காமல் அவரே எடுத்தார். வாயெல்லாம் புண். வார்த்தை வார்த்தையாகத்தான் பேச முடிந்தது.

"இன்னைக்கு எவ்வளவு?" என்றேன்.

"சைபருங்க சார்."

"சைபரா? சரியாகக் கேட்டீர்களா? டாக்டர் பார்த்தாரா?"

"பாத்தாருங்க. இப்படித்தான் ஆவுமாம். நானும் யோசிச்சுப் பாத்துட்டேன். இதுக்குமேல யாராலயும் கொறைக்க முடியாது."

பிறகு ஏறியது. மெதுவாகத்தான் ஏறியது. நான் புதுத் தாள் வாங்கினேன். இரண்டாவது தடவையும் அதே மாதிரி சைபருக்குப் போய் ஏறியது. கடைசியில் காட்டிக்கொடுக்கிற பொருள்களின் கோடும் இறங்கி, தரையைத் தொட்டுப் படுத்தது. லேபில் அந்தப் பெண் கேட்பதற்கு முந்தி இவரே, "கலைஞ்சிருச்சும்மா" என்றார். அவள் சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

பிற்பாடு அவர் மாமனாரின் தொழிலைப் பார்த்துக்கொள்ள ஓசூர்ப் பக்கம் குடிபோய்விட்டார். போவதற்கு முன்னால் நான் கூடப் போன கடைசிப் பரிசோதனை நினைவிருக்கிறது. கை கால் விரல்களில் மரமரப்பு, காதில் ஒரு ரீங்காரம், இரண்டும் மருந்து விட்டுப்போனவை. மீசை மட்டும் பழையபடி வந்திருந்தது. டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா விடக் கூடாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரணும்" என்றார்.

"மூணு மாசம்னு வெச்சுக்கலாங்களா?"

"ஒண்ணரை மாசம்" என்றார் டாக்டர்.

இவர் ஒரு நிமிஷம் அசந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் எதிர்ப்பக்கம் இறங்காமல் இன்னும் இறுக்கிச் சொல்லி அவர் கண்டதில்லை போலிருக்கிறது. "ரெண்டே இருக்கட்டுங்க" என்று அவசரமாக எழுந்துகொண்டார். நடையில், "அநியாயக்காரரு சார். அவருகிட்ட பேசவே முடியல" என்று மனைவியும் நானும் கேட்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கீழே தேதி எழுதிக் கொடுக்கிற இடத்தில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தது. அங்கிருந்த பெண் இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதியை அட்டையில் எழுதி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இதுக்கு அடுத்ததையும் எழுதிடும்மா."

"அடுத்த தடவை வரும்போது கொடுப்போம். ஒரு தடவைக்கு ஒரு தேதிதான்."

"சும்மா எழுது. அதுக்கு அடுத்ததும் சேத்து."

"அப்படி வழக்கமில்லைங்க."

பின்னாலிருந்து ஒருவர் நேரமாகிறது என்றார். இன்னொருவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். வரிசையில் எத்தனை பேர் என்று நான் எண்ண ஆரம்பித்தேன். கிள்ளி இழுத்துக்கொண்டு போவார் என்று அவர் மனைவியைப் பார்த்தேன். அவர் பையைத் தரையில் வைத்துவிட்டுப் புருஷனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஆறு எழுதிக் குடும்மா. ஒரு வருசத்துக்கு ஆவும்" என்றார் இவர்.

"ஆறா? முடியாதுங்க. ரெண்டு வேணும்னா எழுதறேன்."

"அஞ்சு."

"மூணு" என்றாள் அந்தப் பெண், பேனாவைத் திறந்து.

"நாலாப் போடும்மா" என்றார் அவர் மனைவி.